மூலையில் இருந்த இரண்டு கைகள்

சூளையின் மூடியைத் தூக்கிய லீலா, தூக்கிய கையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

கலைமணி அப்போதுதான் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு ஷெட்டுக்குள் நுழைந்தாள். ஒரகடம் பக்கத்து ஸ்டேஷன் ஒன்றில் அவள் சப்-இன்ஸ்பெக்டர். வாரத்தில் கிடைக்கும் ஒரே விடுமுறை திங்கட்கிழமை. அன்றைக்கு யூனிபார்மை மாட்டாமல், லீலாவிடம் கண்ணாடி உருக்கக் கற்றுக்கொள்ள வல்லம் வடகாலில் இருக்கும் இந்த ஷெட்டுக்கு வந்துவிடுவாள். வெளியே பனி இன்னும் விலகவில்லை. எதிர்க் கம்பெனியின் விளக்குகள் பனிக்குள் மஞ்சளாகக் கரைந்துகொண்டிருந்தன. புதுக் கார்களை ஏற்றிய லாரி ஒன்று ஓசையில்லாமல் போவதுபோல் போனது.

"இன்னாக்கா ஆச்சு?"

"போச்சு கலை. எல்லாம் போச்சு."

சூளைக்குள், வெள்ளைத் தாள் விரித்த பலகையின் மேல், கனவுப் பலகை நான்கைந்து துண்டாகக் கிடந்தது.

ஜன்னல் கதவு அளவுள்ள அந்தக் கண்ணாடிக்காக லீலா மழைக்காலம் முழுக்க உழைத்திருந்தாள். பக்கத்துப் பெண்கள் விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் மாட்டுவதற்காகச் செய்தது. திருநெல்வேலி, தென்காசிப் பக்கமிருந்து வந்து கம்பெனி லைனில் நிற்கும் பெண்கள் அங்கே தங்கியிருந்தார்கள். ஒரு வாரம் பகலில் தூங்குவார்கள், மறு வாரம் இரவில். கண்ட கனவை யாரிடமும் சொல்ல நேரமிருக்காது. எழுந்ததும் பஸ் வந்துவிடும். அந்தக் கனவுகளைச் சுவரில் வைத்துவிட வேண்டும் என்று லீலாவுக்கு ஓர் ஆசை. ஒரு மாலை சாப்பாட்டுக் கூடத்தின் விளக்குகளை அணைக்கச் சொல்லி, நடுவில் போய் உட்கார்ந்தாள். யாரும் பேரைச் சொல்ல வேண்டாம், கனவை மட்டும் சொல்லுங்கள் என்றாள். இருட்டில் ஒவ்வொரு குரலாக வந்தது.

ரவை போலவும் நொய் போலவும் பொடித்த வண்ணக் கண்ணாடியைத் தூவியும், நூல் போல இழுத்த கண்ணாடிக் கம்பியை வளைத்தும், அவற்றையெல்லாம் அவள் படமாக்கினாள். கடலுக்கு மேலே ஓடும் ஷிப்ட் பஸ். கூரையில்லாத பரீட்சை ஹால். கன்வேயர் பெல்ட்டில் வரிசையாக வரும் ஆட்டுக்குட்டிகள். முதல் சூட்டில் எல்லாம் உருகி ஒரே பலகையாகிவிட்டது. மேல்பரப்பைத் தேய்த்து மட்டமாக்கியதில் கண்ணாடி மங்கிப்போயிருந்தது. பளபளப்பு ஏற்ற இரண்டாவது சூடு ஒன்றுதான் பாக்கி. நேற்று மாலை அதைச் சூளைக்குள் வைத்திருந்தாள். அது சூடாகி, இரவெல்லாம் மெதுவாக ஆறி, காலையில் தயாராக இருக்க வேண்டும்.

"ஆறுறதுக்குள்ள யாரோ மூடியத் தொறந்துக்கீறாங்க. குளிர் காத்து பட்டா வெடிக்கும்னு உனக்கே தெரியும்."

கலைமணிக்கு நன்றாகவே தெரியும். போன மாதம் அவள் செய்த முதல் கிண்ணம் அவசரத்தில் அப்படித்தான் போனது. துண்டுகளைப் பொறுக்கும்போது கட்டைவிரல் கிழிந்து தையல் போட வேண்டிவந்தது.

அவள் குனிந்து, உடைந்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். கண்ணாடியில் இன்னும் வெதுவெதுப்பு இருந்தது. சோப்புக் கட்டியின் ஓரம் போல விரல் வழுக்கிக்கொண்டு போனது. கடலும் பஸ்ஸும் இரண்டாகப் பிரிந்திருந்தன. இடது பக்கக் கீழ்மூலை காணவில்லை. அங்கே வெள்ளைத் தாள்தான் தெரிந்தது.

வாசலில் நின்ற இசக்கிபாண்டி தொண்டையைச் செருமினார். பக்கத்து குடோனுக்கும் இந்த ஷெட்டுக்கும் சேர்த்து அவர்தான் காவல். நாங்குநேரிக்காரர், ஐம்பதைத் தாண்டியவர்.

"நாந்தாம் மேடம் தொறந்தேன்," என்றார். "விடியக்காலம். ஒரு விரக்கடை அளவுக்குத்தான் தூக்குனேன். அந்தப் பிள்ளையளோட கனவு எப்படி வந்திருக்குன்னு ஒரு ஆசை. இருட்டுல ஒண்ணும் தெரியல, மூடிட்டேன். இப்படி ஆவும்னு நினைக்கல."

லீலா அவரைப் பார்க்கவே இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

சற்று நேரத்தில் விடுதி மேனேஜர் பாண்டுரங்கன் வந்து சேர்ந்தார். குன்றத்தூர்க்காரர். அந்தச் சுவரில் பெரிய டி.வி. மாட்ட வேண்டும் என்று ஆரம்பத்திலிருந்தே சொல்லிவந்தவர். உடைந்ததைப் பார்த்ததும் அவர் முகத்தில் வருத்தத்தைவிட அவசரம்தான் அதிகம் தெரிந்தது. ஆளே ஒத்துக்கினு நிற்கிறான், கம்ப்ளெய்ன்ட் எழுதிக் கொடுத்து வேலையை விட்டுத் தூக்க வேண்டியதுதானே என்றார். இசக்கிபாண்டி மறுபேச்சில்லாமல் தன் பையை எடுத்து வைத்துக்கொண்டார்.

"கொஞ்சம் இருங்க," என்றாள் கலைமணி.

கையுறை மாட்டிக்கொண்டு, துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் சேர்த்தாள். பனி இறங்கிய தகரக் கூரையின் கண்ணாடி ஓடு வழியே வெளிச்சம் வந்து விழுந்தது. துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தின. அந்த மூலைக்கு உரிய துண்டு மட்டும் இல்லை. சூளைப் பலகையை மறுபடி பார்த்தாள். ஒரு பொடி, ஒரு சில்லுகூட இல்லை. மூலை போன இடத்தில் மிச்சமிருந்த ஓரம், ஸ்கேல் வைத்து வெட்டியது போல நேராக இருந்தது.

அந்த மூலையில் என்ன இருந்தது என்று கேட்டாள்.

யாரோ பின்னால் உட்கார்ந்து ஒரு பெண்ணுக்குத் தலை பின்னிவிடுகிற கனவு அது என்று லீலா சொன்னாள். முகம் தெரியாது. இரண்டு கைகளும் ஒரு பின்னலும் மட்டும்தான். அந்தக் கைகளின் நிறம் வருவதற்கு ஏழெட்டுத் தடவை சின்னச் சின்னத் துண்டாகச் சுட்டுப் பார்த்தாளாம். யாருடைய கனவு என்று தெரியாது. இருட்டில் வந்த குரல்தானே.

"நேத்து இங்க யாரெல்லாம் வந்தாங்க?"

விடுதிப் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, லீவு. லீலா சூளையைத் திறந்துவைத்துப் பலகையைக் காட்டினாள். கண்ணாடியை எப்படி வெட்டுவது என்று கேட்டார்கள், செய்தும் காட்டினாள். சக்கரக் கத்தியால் ஒரு கோடு கீறி, கோட்டுக்கு அடியில் பென்சிலை வைத்து, இரண்டு பக்கமும் அழுத்தினால் கோட்டிலேயே உடையும். பெண்கள் கைதட்டினார்கள். அப்புறம் எல்லோரும் வாசலில் டீயும் போண்டாவும் சாப்பிட்டார்கள். பாண்டுரங்கனும் அங்கேயேதான், ஒரு கையில் போனும் ஒரு கையில் போண்டாவுமாக.

"மூடிய யார் மூடினது?"

"இசக்கியண்ணன்தான்."

இசக்கிபாண்டி நிமிர்ந்தார். "நான் எங்க மூடுனேன்? டம்ளரக் கொண்டாந்து வைக்கும்போதே மூடித்தான கெடந்துச்சு. நீங்க மூடியிருப்பியன்னு நெனச்சேன்."

"அப்ப உள்ள பாக்காமலே சுவிட்சப் போட்டீங்களா அக்கா?"

லீலா ஆமென்று தலையசைத்தாள்.

மதியம், இரண்டாவது ஷிப்ட்டுக்கு பஸ் வருவதற்கு முன்னால், விஷயம் கேள்விப்பட்ட பெண்கள் ஷெட்டுக்கு ஓடிவந்தார்கள். கலைமணி ஒன்றும் கேட்கவில்லை. மேஜையைச் சுற்றி வழிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவர்கள் முண்டியடித்துக்கொண்டு குனிந்தார்கள். ஒருத்திக்கு ஆட்டுக்குட்டிகள் முழுசாகக் கிடைத்தன. இன்னொருத்தி பாதி பரீட்சை ஹாலைப் பார்த்து உதட்டைக் கடித்தாள். வேல்விழி என்கிற பெண் கடலின் இரண்டு துண்டையும் கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பேர் சொல்லாமல் சொன்ன கனவெல்லாம் ஒரு நிமிஷத்தில் பேரோடு வெளியே வந்துவிட்டது.

ஒரே ஒரு பெண் மட்டும் செருப்புகள் கிடந்த இடத்திலேயே நின்றாள். மெலிந்த பெண். தூக்கமில்லாத கண்கள்.

"ஏ கனிஷ்கா, ஒன்னோடது எங்கட்டீ இருக்கு?" என்று வேல்விழி கேட்டாள்.

"அது ஒடஞ்சிருக்கும்," என்றாள் கனிஷ்கா, நின்ற இடத்திலிருந்து.

பெண்கள் வெளியேறியபோது, கனிஷ்காவைக் கொஞ்சம் வாசல் பெஞ்சில் இருக்கும்படி கலைமணி சொன்னாள். பிறகு லீலாவின் கையைப் பிடித்து, உடைந்த ஓரத்தின் மேல் அழுத்தித் தேய்த்தாள்.

"அறுக்குதா அக்கா?"

"இல்ல."

"என் கிண்ணம் உடைஞ்சப்ப என் விரலே கிழிஞ்சிது. ஆறுறப்ப உடைஞ்சா ஓரம் கத்தி மாதிரி இருக்கும். இது மழுங்கிக் கீது. உடைஞ்சதுக்கு அப்புறம் சூடு ஏறினாத்தான் ஓரம் இப்படி உருகி மழுங்கும். நீங்க சுவிட்ச் போடறதுக்கு முன்னாடியே இது உடைஞ்சாச்சு. விடியக்காலைல அண்ணன் தொறந்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

லீலா தன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப எவன் பண்ணது?" என்றார் பாண்டுரங்கன்.

"கெடுக்க வந்தவனா இருந்தா நடுவுல அடிச்சிருப்பான். இது அந்த ஒரு மூலைய மட்டும் கேட்டு வந்த ஆளு. எல்லாரும் வாசல்ல டீ குடிக்கறப்ப உள்ள வந்து, அக்கா காட்டின மாதிரியே கோடு கீறி, பென்சில வெச்சு அழுத்தியிருக்கா. மெல்லிசுக் கண்ணாடின்னா கோட்டோட நின்னுருக்கும். இது தடிமன். மூலையும் வந்துச்சு, விரிசல் நடுவாலயும் ஓடிடுச்சு. பயந்துபோய்த் துண்டுகள அப்படியே விட்டுட்டு மூடியச் சாத்திட்டா. எல்லாப் பொண்ணும் தன் கனவு பொழைச்சுதான்னு ஓடிவந்து பாத்தாங்க. கனிஷ்கா மட்டும் கிட்டயே வரல. பாக்காமலே உடைஞ்சிருக்கும்னு சொன்னா. நாம தேடற மூலை அவகிட்டதான் கீது."

பாண்டுரங்கன் கனிஷ்கா இருந்த வாசல் பக்கம் நகரப் பார்த்தார். கலைமணி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் போன் பேச வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு விடுதிக்குப் போனார். லீலா இசக்கிபாண்டியின் அருகே சென்று, அவர் கையிலிருந்த பையை வாங்கி ஆணியில் மாட்டினாள். மன்னிச்சிக்கங்கண்ணா என்று அவள் சொன்னது சரியாகக் காதில் விழவில்லை. அவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

வெளியே வெயில் ஏறியும் அது வெயிலாகத் தெரியவில்லை. பால் கலந்தது போல ஒரு வெளிச்சம். கலைமணி பெஞ்சில் கனிஷ்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கேட்பதற்குள்ளேயே அந்தப் பெண் பையைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றிய மூலையை எடுத்து மடியில் வைத்தாள். இரண்டு கைகள். மூன்று புரி பின்னல்.

"எங்க அக்கா," என்றாள். "மஞ்சக்காமாலையில போயிட்டா. ஆனா தூக்கத்துல வருவா. வந்து தலை பின்னிவிடுவா. ஒண்ணும் பேசமாட்டா."

கலைமணி இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு இருட்டுல அதைச் சொல்லிட்டேன். சொன்ன நாள்லேருந்து அவ வரவே மாட்டேங்கா. எனக்குத் தூக்கமும் இல்ல. நேத்து இங்க வந்து பாத்தா, அவ கை இதுக்குள்ள இருக்கு. இதுக்குள்ள வந்துட்டாளே, பொறவு என்கிட்ட எப்படி வருவான்னு... எடுத்துட்டா வந்துருவான்னு நெனச்சேன்." கண்ணாடியைக் கைக்குட்டையால் மூடினாள். "ராத்திரி தலைமாட்டுல வச்சுப் படுத்தேன். வரல மேடம்."

கைக்குட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கூர்முனை அவள் விரலில் படாதபடி கலைமணி துணியை இழுத்துவிட்டாள்.

லீலா எப்போது வந்து வாசல்படியில் நின்றாள் என்று இருவருமே கவனிக்கவில்லை. அவள் முகத்தில் கோபம் போகவில்லை. ஒரு மழைக்கால உழைப்பு அது. ஆனாலும் வந்து கனிஷ்காவின் மறுபக்கம் உட்கார்ந்தாள். கேட்டிருந்தால் தனியாக வேறொன்று செய்து கொடுத்திருப்பேன் என்றாள். துண்டுகளைச் சேர்த்து மறுபடி சுடப் போவதாகவும், கோடு தெரியும், தெரிந்தால் தெரியட்டும் என்றும் சொன்னாள். அப்புறம் கனிஷ்காவின் மடியிலிருந்த மூலையைத் தொட்டு, "இது உன்னோடது. சுவருக்கு வேணாம், நீயே வெச்சிக்கோ," என்றாள். "நான் கனவக் கேட்டேன். குடுக்குறவளுக்கு அது மிஞ்சுமான்னு யோசிக்கல."

ஏதோ ஒரு பாரம் இறங்கியதுபோலக் கனிஷ்காவின் தலை மெல்லச் சரிந்து கலைமணியின் தோளில் வந்து நின்றது. இரண்டு மூச்சு போவதற்குள் தூங்கிவிட்டாள்.

ரோட்டில் ஷிப்ட் பஸ் வந்து நின்றது. பெண்கள் ஏறினார்கள். வேல்விழி படியிலிருந்து திரும்பிப் பார்த்தாள். கலைமணி போகும்படி கையை மட்டும் அசைத்தாள். பஸ் புழுதியோடு கிளம்பி, வளைவில் மறைந்தது.

கனிஷ்காவின் பையிலிருந்த போன் அடித்தது. தோளை அசைக்காமல் கலைமணி அதை எடுத்தாள். லைன் சூப்பர்வைசர். கனிஷ்கா ஏன் பஸ் ஏறவில்லை, எங்கே இருக்கிறாள் என்று கேட்டார்.

"தூங்குறாங்க."

"எழுப்புங்க மேடம். லைன்ல ஆள் கம்மி."

"எழுப்ப மாட்டேன்," என்று தாழ்ந்த குரலில் சொன்னாள் கலைமணி.