துண்டுக்குள் விட்ட கை

துண்டை நான்கு முறை துவைத்தாயிற்று; வாசனை மட்டும் போகவில்லை. மாடு கன்று ஈன்ற இடத்தில் வருமே, கொழகொழத்த இனிப்பும் துரு வீச்சமும் கலந்து, அந்த வாசனை. எழுமலைக்குப் போகும் வழியெல்லாம் மின்ஹாஜ் வண்டியை ஓட்டிக்கொண்டே தோளை மோந்து பார்த்தான். இந்தத் துண்டு எந்த மாட்டுக் கொட்டகைக்கும் போனதில்லை. சந்தைக்குத்தான் போயிருக்கிறது.

அது அவன் அத்தா அப்துல் லத்தீப்பின் துண்டு. மனிதர் உயிரோடிருந்தவரை மாட்டுத் தரகர். நாலு பேர் காதில் விழ விலை சொல்வது அவருக்குச் சந்தைக்கு நடுவே குளிப்பது மாதிரி. வாங்குபவர் கையும் விற்பவர் கையும் துண்டுக்குள் போகும். பிடிக்கிற விரல்தான் எண். ஒரு விரலென்றால் ஒன்று, முழுக்கையென்றால் ஐந்து, அடுத்த பிடி அதோடு கூடும். "உள்ள விட்ட கைய பேரம் முடியாம உருவுனவன் யாவாரியே இல்லடா" என்பார். மகன் யாவாரியாகவில்லை, கால்நடை ஆராய்ச்சியாளன் ஆனான். யாவாரம்தான் அவனைத் தேடி வந்தது.

ஆலைக் கழிவு கலக்கிற கண்மாயில் தண்ணீர் குடிக்கும் பசுக்களில் எத்தனை, மாதம் நிறையுமுன் கன்று வீசின என்பதே அவன் ஆய்வு. இரண்டு வருடத்தில் பதினெட்டு. ஆலைக்காகப் பேசுகிற தவசி, அத்தாவின் பழைய சந்தைக் கூட்டாளி, டீக்கடையில் அவனைப் பிடித்தார்.

"பதினெட்டெல்லாம் ஒரு சொல்லா மாப்ள? கன்னு வீசாத ஊரு எங்க இருக்கு? உங்க அத்தா துண்டு இருக்குல்ல, போடு."

விளையாட்டுப் போலத்தான் போட்டான். ஆலைக்காரர்கள் கட்டுகிற புது ஆய்வுக்கூடத்தில் அவனுக்கு ஒரு நாற்காலி என்பது முன்பே பேசியாகியிருந்தது. துண்டுக்குள் அவன் பத்து என்றான், தவசி ஒன்று என்றார். ஏழு. இரண்டு. மூன்றில் படிந்தது. செத்த கன்றுகளைப் பேரம் பேசி விட்டுக்கொடுத்த முதல் ஆள் உலகத்திலேயே அவனாகத்தான் இருக்கும். மிச்சப் பதினைந்தும் அறிக்கையில் இல்லை.

அந்தப் பதினைந்தில் இரண்டு, எழுமலை மாயக்காளின் மாடு வீசியவை. அவளுக்கு இருப்பதே அந்த ஒரு பசு. அது மறுபடி சினையானதும் அவனிடம் கேட்டாள்.

"கண்மாய்த் தண்ணி காட்டலாமா தம்பி? படிச்சவுக நீங்க சொன்னா சரி."

மூன்று என்று எழுதிக் கொடுத்தவன் வேறென்ன சொல்ல முடியும்? "காட்டுங்கக்கா. ஒண்ணும் ஆகாது."

இன்று மதியம் அவளேதான் போன் செய்தாள். விடியற்காலையிலிருந்து மாடு முக்குகிறதாம், கன்று வரவில்லையாம்.

அவன் போய்ச் சேர்ந்தபோது தகரக் கொட்டகைக்குள் சாய்ந்த வெயில் பழுப்பாக இறங்கியிருந்தது. கண்மாய்ப் பக்கமிருந்து வந்த காற்றில் சோப்பும் அழுகலும் சேர்ந்தடிக்க, பசு ஒருக்களித்துப் படுத்து, கத்தாமல், காதைக்கூட அசைக்காமல், அவன் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தது. இவ்வளவு ஈரம் சொட்டுகிற இடத்தில் ஒரு ஈ இல்லை.

"உசுரு இருக்குமா தம்பி?"

"பாப்போம்க்கா."

முழங்கை வரை உறையை மாட்டி, மண்டியிட்டுக் கையை உள்ளே விட்டான். வேலிக்கு அப்பால் இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. "ரெண்டு போயிருச்சு, இதுலயும் கண்ணு பட வேணாம்" என்று முணுமுணுத்த மாயக்காள், அவன் தோளிலிருந்த துண்டை உருவி, மாட்டின் மேலும் அவன் கையின் மேலும் போர்த்தினாள்.

குளம்பைத் தேடினான். பிறக்காத கன்றின் குளம்பு கெட்டியாக இராது. தாயின் வயிறு கிழியாதிருக்க அதன் நுனியில் மெத்தென்ற சதை, விரல் விரலாகத் தொங்கும். எத்தனையோ முறை தொட்டதுதான். தொட்டான். மெத்தென்றிருந்தது.

அது அவன் கையைப் பிடித்தது.

மாடு முக்கினால் அப்படி இறுக்கும். மாடு முக்கவில்லை.

முழுக்கை. ஐந்து.

விட்டது. வேறு பக்கத்திலிருந்து வேறொரு பிடி. பத்து. மூன்றாவது இன்னும் சின்னது, இன்னும் குளிர்ந்தது. பதினைந்து.

உருவினான். வரவில்லை.

"கைக்கு அம்புடுதா தம்பி?"

பழக்கம்தான் பதில் சொன்னது. உள்ளே, இருட்டில், அவன் கை தன்னையறியாமல் மூன்று விரலைக் கொடுத்தது.

உள்ளே எல்லாம் அடங்கியது. மட்டமான விலை கேட்டவனிடம் யாவாரி பேசாமல் நிற்பானே, அதுபோல.

பிறகு மணிக்கட்டைப் பிடித்தது. பிறகு முழங்கையை. அதற்கெல்லாம் என்ன எண் என்று அத்தா சொல்லித் தரவில்லை.

"துண்டு அசையுது தம்பி. வருது, கன்னு வருது." இரண்டு வருடத்தில் முதல் முறையாக மாயக்காள் சிரித்தாள்.

அசைந்தது. உள்நோக்கி. முதலில் ஓரம். பிறகு மடிப்பு மடிப்பாக. அவன் தோளோடு.