பதில் சொல்லாத கம்ப்யூட்டர்

"உட்காருங்க மதாம்" என்று தெயோ இரண்டு முறை சொல்லியும் மரி-க்ளேர் உட்காரவில்லை. கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உப்பளம் பகுதியில் ஒரு தனியார் மருத்துவமனையை நிர்வகிப்பவர் அவர். தெயோ பிரெஞ்சுப் படையின் தகவல் தொடர்புப் பிரிவிலிருந்து ஓய்வுபெற்று ஊர் திரும்பி, துப்பறிவதைத் தொழிலாக வைத்துக்கொண்டவர். அவருடைய உதவியாளர் பிரிஸ்கில்லா கணினி படித்தவள். 2004-ஆம் ஆண்டு மே மாதம் அது. மின்விசிறி சுற்றியும் மூவருக்கும் வியர்த்தது.

"இன்னிக்கு அப்டேட் போட்டா ஆஸ்பத்திரில ஒரு உயிர் போகும்னு நேத்து ஒருத்தன் போன் பண்ணான்" என்றார் மரி-க்ளேர்.

"என்ன அப்டேட்?"

"விண்டோஸ்ல இருக்கிற ஓட்டைய அடைக்கிறதுக்கு மாசா மாசம் வரும். எங்க கம்ப்யூட்டர் இன்சார்ஜ் கிளமான் அதைச் சோதிச்சுப் பாத்துட்டு, ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர் ரூம்லேர்ந்தே எல்லா கம்ப்யூட்டருக்கும் அனுப்புவாரு. போன மாசமும் அனுப்பினாரு. அதுக்கு அடுத்த திங்கட்கிழமை ஐ.சி.யூ. கம்ப்யூட்டர் தானா அணைஞ்சிட்டுது. படுக்கையில இருக்கிறவங்க நாடித்துடிப்பு எல்லாம் அதுலதான் தெரியும், மணியும் அதுதான் அடிக்கணும். அந்த நேரம் பாத்து ஆதிமூலம்னு ஒரு பெரியவருக்கு இதயம் நின்னுபோச்சு. மணி அடிக்கல. கன்னியம்மாள் சிஸ்டர் தற்செயலா திரும்பிப் பாத்தாங்களோ, பொழைச்சாரோ! ஆனா இன்னும் பேச்சு வரல."

"போன்ல வந்த வார்த்தைய அப்படியே சொல்லுங்க."

"'இந்தத் தடவை அறுபது செகண்டு கூட கிடைக்காது'ன்னானாம். ஆம்பளக் குரல், வாயில துணி வச்சிப் பேசின மாதிரி. போனை எடுத்த ரிசப்ஷன் பொண்ணு இன்னும் அழுதுட்டு இருக்குது. அப்டேட்டை நிறுத்திடலாம்னு டாக்டருங்க சொல்றாங்க. நிறுத்தினா ஆபத்துன்னு கிளமான் சொல்றாரு. நான் என்ன செய்ய?"

தெயோ எழுந்து கார் சாவியை எடுத்தார்.

மருத்துவமனையில் யாரும் உரக்கப் பேசவில்லை. கணினி இருந்த ஒவ்வொரு மேசையிலும் அதைத் தொடவே பயந்தவர்கள்போல் ஊழியர்கள் ஒதுங்கி உட்கார்ந்திருந்தார்கள்.

கிளமான் கண்கள் சிவந்திருந்தன. "என் அப்டேட் யாரையும் கொல்லாது சார். முடிஞ்சதும் ஒரு பெட்டி வரும். அஞ்சு நிமிஷம் டைம் குடுக்கும். 'அப்புறம்'னு ஒரு பட்டனும் இருக்கும். வேலையில இருக்கிறவங்க அதை அழுத்தி எவ்ளோ நேரம் வேணாலும் தள்ளிப் போடலாம்."

"போன மாசம் எல்லாத்துக்கும் போய்ச் சேந்ததா?"

கிளமான் தயங்கினார். "ஐ.சி.யூ. மட்டும் பதில் சொல்லல. ஆஃப்ல இருக்குதுன்னு நெனச்சி விட்டுட்டேன்."

தீவிர சிகிச்சைப் பிரிவில் மணியம்மாள் என்ற பெண் மட்டும் மார்பில் ஒயர்களோடு படுத்திருந்தார். தலைமைச் செவிலி கன்னியம்மாள் தெயோவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அன்னிக்குப் பெட்டி வந்ததும் அறுபதுலேர்ந்து எண்ண ஆரம்பிச்சிட்டுது சார். நிறுத்துறதுக்கு அதுல ஒண்ணுமே இல்ல. அந்த நம்பரு இன்னும் என் கண்ணுலயே நிக்குது. டாக்டர் தொமினிக் கிட்ட மட்டும்தான் சொன்னேன். வெளிய சொன்னா பீதியாயிடும்னாரு."

கணினியின் பின்புறம் குனிந்திருந்த பிரிஸ்கில்லா, "சார், இங்க பாருங்க" என்றாள். எல்லா ஒயர்களிலும் தூசி படிந்திருந்தது. வலைத்தொடர்பு ஒயரில் மட்டும் தூசி இல்லை. அதன் கொக்கி ஒடிந்து, காயத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பிளாஸ்திரியால் சுற்றப்பட்டிருந்தது.

அப்போது உள்ளே வந்த டாக்டர் தொமினிக், "அதைத் தொடாதீங்க!" என்று கத்தினார்.

அவர் குரல் அடங்குவதற்குள் திரையில் ஒரு பெட்டி எழுந்தது. அறுபது. ஐம்பத்தொன்பது. கன்னியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். டாக்டரின் முகம் வெளிறியது.

"ஒயரைப் பிடுங்கு! அணையறதை நிறுத்து!" என்றார் தெயோ.

பிரிஸ்கில்லா ஒயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு விசைப்பலகைக்குத் தாவினாள். அணைப்பை ரத்துசெய்யும் கட்டளையைத் தட்டினாள்; அவசரத்தில் எழுத்துப் பிழையாகி எதுவும் நடக்கவில்லை. இருபதுக்குக் கீழே எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன. மறுபடியும் தட்டினாள். பெட்டி மறைந்தது. மணியம்மாளின் நாடித்துடிப்பு திரையில் ஓடிக்கொண்டே இருந்தது.

ஓடிவந்து வாசலிலேயே நின்றுவிட்ட கிளமான், "நான் இன்னும் எதையும் அனுப்பவே இல்லியே!" என்றார்.

"அனுப்பல. இது அப்டேட்டும் இல்ல, புழு" என்றார் தெயோ. "அந்த விண்டோஸ் ஓட்டை வழியா உள்ள நுழையற வைரஸ். அன்னிக்குத் திங்கட்கிழமை வெளியிலேர்ந்து யாராவது கம்ப்யூட்டர் கொண்டுவந்தாங்களா?"

"ஆடிட்டர்... லேப்டாப்போட வந்தாரு." கிளமான் குரல் உடைந்தது. "இப்பவும் கீழதான் உக்காந்திருக்காரு!"

மரி-க்ளேர் ஆளனுப்பி அந்த லேப்டாப்பை வலைத்தொடர்பிலிருந்து கழற்றச் சொன்னார். பிறகு எல்லோரும் செவிலியர் மேசையைச் சுற்றி நின்றார்கள்.

"அன்னிக்கும் சரி, இன்னிக்கும் சரி, அப்டேட் போட்ட கம்ப்யூட்டர் எதுவும் விழல" என்றார் தெயோ. "விழுந்தது போடாத ஒண்ணுதான். அது ஆஃப்ல இல்ல, ஐ.சி.யூ.வுல அதை யாரும் அணைக்க மாட்டாங்க. அனுப்புற நேரத்துல யாரோ ஒயரை உருவியிருக்காங்க. பலமுறை உருவி கொக்கி ஒடிஞ்சிருக்குது. கிளமானா இருந்தா புது முனை போட்டிருப்பாரு. பிளாஸ்திரி ஒட்டினவரு இந்த வார்டுல இருக்கிறவரு."

கன்னியம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

"மிரட்டினவன் அறுபது செகண்டுன்னு சொன்னான். கிளமானைக் கேட்டா அஞ்சு நிமிஷம்னுதான் சொல்வாரு, ஏன்னா அவருக்குத் தெரிஞ்சது அந்தப் பெட்டிதான். அறுபதைக் கண்ணால பாத்தவங்க சிஸ்டர். போன்ல வந்தது ஆம்பளக் குரல். சிஸ்டர் அதைச் சொன்னது ஒரே ஒருத்தர் கிட்ட."

டாக்டர் தொமினிக் சுவரில் சாய்ந்தார். "பொங்கல் சமயத்துல ஒரு அம்மாவுக்கு நெஞ்சை அழுத்திட்டு இருந்தேன். பக்கத்துல யாரும் இல்ல. அப்டேட் பெட்டி வந்துச்சு, 'அப்புறம்' பட்டனை அழுத்த எனக்குக் கை இல்ல. ஸ்கிரீன் கறுப்பாயிடுச்சு. அந்த அம்மா போயிட்டாங்க. அதுலேர்ந்து அப்டேட் நாள்னா ஒயரை உருவி வச்சிடுவேன். காப்பாத்துறதா நெனச்சேன்." அவர் கன்னியம்மாளைப் பார்க்கவில்லை. "ஆதிமூலம் விழுந்தப்புறம்தான் கிளமானைக் கேட்டு, அப்டேட் ஓட்டைய அடைக்கத்தான்னு தெரிஞ்சிக்கிட்டேன். மறுபடியும் அப்டேட் போட்டா இந்தக் கம்ப்யூட்டர்ல போன மாசத்தது இல்லன்னு கண்டுபிடிச்சிடுவாங்க. அதான் போன் பண்ணேன்."

"ஆதிமூலத்தால இன்னும் பேச முடியல டாக்டர்" என்றார் கன்னியம்மாள்.

மரி-க்ளேர் கைப்பையை மேசைமேல் வைத்தார். "போலீஸுக்கு நான் சொல்லித்தான் ஆகணும்" என்றார். "ஆனா அதுக்கு முன்னாடி இந்தக் கம்ப்யூட்டர்? ஓட்டை அப்படியே இருக்குதே."

"இப்பவே போடணும்" என்றார் கிளமான். "நான் இங்கியே உக்காந்து போடறேன். ஆனா ஒரு தடவை அணைஞ்சிதான் எழும்."

எல்லோருடைய கண்களும் மணியம்மாளின் கட்டில் பக்கம் போயின. டாக்டர் தொமினிக் யாரையும் கேட்காமல் கட்டிலருகே போய் மண்டியிட்டு, அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்தார். உதடுகள் அசைய எண்ணத் தொடங்கினார். கன்னியம்மாள் அவசரப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நின்றார்.

திரை கறுத்தது. குளிர்சாதனத்தின் இரைச்சலைத் தவிர வேறு சத்தமில்லை. டாக்டரின் நெற்றியிலிருந்து வியர்வை போர்வையில் சொட்டியது. அவர் எண்ணுவதை நிறுத்தவில்லை.

திரையில் வெளிச்சம் வந்தது; பிறகு பச்சைக் கோடு வந்தது. அப்போதும் டாக்டர் கையை விடவில்லை.

மணியம்மாள் கண் திறந்தார்.

"இன்னா டாக்டர், கைய இப்டி இறுக்கிப் புடிச்சிருக்கீங்க? வலிக்குது."