ஏழாவது பை

“அந்தக் கதவிலை கை வைச்சியெண்டால் கையை முறிப்பன்! என்ரை தம்பி தன்ரை கையாலை அடிச்ச ஆணி அது.”

“அடிச்சது அப்பா. அடிக்கச் சொன்னது ஆர், மாமி?”

மதிற்கரையில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்ற சத்தியபாமாவின் கை கொடியிலேயே நின்றுவிட்டது. சரவணை ஊரில் பகல் பதினொரு மணிக்குச் சண்டை வருவது அபூர்வம். அந்நேரம் எல்லோர் வீட்டிலும் உலை கொதிக்கும். சத்தியபாமா வீட்டிலும் கொதித்தது. அவள் ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, ஏற்கெனவே காயப்போட்ட சட்டையை எடுத்து மறுபடி உதறத் தொடங்கினாள்.

பக்கத்து வீட்டு விறாந்தையில் மூன்று பேர். சத்தம் போட்டவர் சறோஜினிதேவி; எழுபது வயதிலும் ஒலிபெருக்கி தேவைப்படாதவர். எதிரே அவருடைய தம்பி மகள் கம்சாயினி, கையில் ஆணி பிடுங்க ஒரு அலவாங்கோடு. நடுவில் தலை முதல் கால்வரை வெள்ளை உறை போட்டு, பன்றி மூஞ்சி மாதிரி ஒரு முகமூடியைக் கழுத்தில் தொங்கவிட்டபடி ஒரு பெடியன். கோழிகளுக்குக் காய்ச்சல் வந்த வருசம் பண்ணைக்கு வந்த ஆட்களைப் போல இருந்தான்.

அவன் பெயர் நிரோஜன். தீவுப்பகுதியில் பழைய கூரைகளை மாற்றிக் கொடுக்கும் திட்டமொன்றுக்காக, எந்தெந்த வீட்டில் அஸ்பெஸ்ரஸ் இருக்கிறதென்று பார்த்து எழுதுவது அவன் வேலை. கூரைச் சீற்றில் தண்ணீர் விசிறி, நகமளவு துண்டு வெட்டி, பைக்குள் போட்டு, இலக்கம் எழுதி, வெட்டிய இடத்தை நாடா ஒட்டி மூடுவான். விறாந்தை, கூடம், இரண்டு அறை, குசினி, குளியலறை. ஆறு பை ஆகிவிட்டது. மிஞ்சியது ஆணி அடித்து மூடிய பின்னறை மட்டும்.

“அம்மா, ஒரு அறையை விட்டிட்டு நான் கையெழுத்துப் போட ஏலாது,” என்றான் நிரோஜன்.

“போடாதையும். ஆர் கேட்டது?”

“நான் கேட்டனான்,” என்றாள் கம்சாயினி. “இது என்ரை அம்மாவின்ரை சீதன வீடு. இப்ப வீட்டு உறுதியிலை என்ரை பேர். நீங்கள் தம்பியோடை வந்து ஒட்டிக்கொண்ட ஆள். அண்ணை, எனக்குக் கூரை வராட்டியும் பறவாயில்லை. இந்த வீட்டிலை என்ன இருந்தது எண்டு ஒரு கடதாசியிலை எழுதித் தாங்கோ. என்ரை அம்மா கசத்திலை சாகேல்லை.”

கசம், அந்தத் தொற்றுகிற காசநோய், என்ற சொல் காதில் விழுந்ததும் சத்தியபாமா சட்டையைக் கொடியில் எறிந்துவிட்டாள். தேங்காய்த் திருவலை இரவல் கேட்கும் சாக்கில் படலையைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். அவள் வீட்டில் இரண்டு திருவலை இருந்தது வேறு விசயம்.

கம்சாயினியின் தாய் இராசேஸ்வரி செத்துப் பதினான்கு வருசம். வந்த சம்பந்தமெல்லாம் ‘தாய் கசத்திலை போனவவாம்’ என்று திரும்பிப் போயின. கடைசியாகப் போனது வேலணை ஆரூரன் வீட்டார். அவனுடைய தாய்க்கு அந்தச் செய்தியைப் பஸ்சில் வைத்துச் சொன்னவள் சத்தியபாமாதான். கெட்ட எண்ணத்தில் அல்ல. பக்கத்து இருக்கையில் இருக்கிற மனுசியிடம் வேறு என்னத்தைச் சொல்வது?

ஆனால் ஒன்று. இராசேஸ்வரியை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோன அன்று சத்தியபாமாவும் கூடப் போயிருந்தாள். சளியை மூன்று தரம் சோதித்தார்கள். கசம் இல்லை என்று டொக்டர் சொன்னது அவளுடைய காதிலும் விழுந்தது. “சுவாசப்பை இறுகிப் போயிருக்கு. இவ என்ன வேலை செய்யிறவ?” என்று அவர் கேட்டார்.

“வீட்டு வேலைதான். வேறென்ன?” என்றார் சறோஜினிதேவி.

சுவாசப்பை இறுகியது ஊரில் சொல்லத்தக்க கதை இல்லை. கசம் என்றால் கதை. சத்தியபாமா கதையைத் தெரிந்தெடுத்தாள்.

என்ன வீட்டு வேலை என்பதும் அவளுக்குத் தெரியும். கம்சாயினியின் தகப்பன் இலட்சுமணன் குடும்பத்துக்குக் கோயிலில் ஐந்தாந் திருவிழா உபயம். விளக்குகளை மினுக்கிக் கொடுப்பது அவர்களுடைய உரிமை. அந்த மினுக்கம் சறோஜினிதேவியின் பெருமை. யுத்தத் தடையால் சாமான் வராத காலத்தில் செங்கட்டித் தூளும் இல்லை. அப்போது சறோஜினிதேவி கண்டுபிடித்ததுதான் சீற் தூள். உடைந்த கூரைச் சீற்றை உரலில் இடித்து, பழைய வேட்டித் துணியில் மாவாக அரித்து, பழப்புளியோடு தேங்காய்ப் பொச்சில் தொட்டு உரஞ்சினால் பித்தளை பொன்னாகும். சாமான் வரத் தொடங்கிய பிறகும் அந்த வழக்கம் நிற்கவில்லை. இடித்ததும் அரித்ததும் உரஞ்சியதும் இராசேஸ்வரி. இருபத்திரண்டு வருசம், யன்னல் இல்லாத அந்தப் பின்னறையில்.

இருமல் வந்தபோது, பிள்ளைக்குத் தொற்றிவிடும் என்று அவளைத் தனியாக்கினார்கள். தனிக் கோப்பை, தனித் தட்டு. தன் சொந்த வீட்டில், அதே பின்னறையில், அதே தூளுக்குள், பதினொரு மாதம்.

அலவாங்கு ஆணிக்கு அடியில் இறங்கியது.

“எடியே!” என்று சறோஜினிதேவி பாய்ந்தார். கம்சாயினி திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் இரண்டடி பின்னுக்குப் போனதைச் சத்தியபாமா தன் கண்ணால் கண்டாள். ஐந்து ஆணி. ஐந்தும் கத்திக்கொண்டே வந்தன.

கதவு திறந்தது.

பதினான்கு வருசம் மூடிக் கிடந்த அறையில் எலிப் புழுக்கையும் ஈரமும் மணக்க வேண்டும். மணந்தது பழப்புளி. இப்போதுதான் கரைத்தது போன்ற புதுப் புளி.

“ஒருத்தரும் உள்ளை வராதேங்கோ,” என்று முகமூடியை ஏற்றிக்கொண்டு நிரோஜன் போனான். கம்சாயினி வாசற்படியில் நின்றாள். அவளுடைய தோளுக்கு மேலால் சத்தியபாமா எட்டிப் பார்த்தாள். பார்க்காமல் விட்டால் அவள் சத்தியபாமா இல்லை.

உச்சி வெயில். கூரையின் ஆணித் துளைகளால் வெளிச்சம் ஊசி ஊசியாக இறங்கியிருந்தது. மூலையில் உரல். அதன் பக்கத்தில் ஒரு கட்டில் சட்டம், நெளிந்த தட்டு, ஒரு கோப்பை. எல்லாவற்றின் மேலும் வெள்ளையாகத் தூள் படிந்திருந்தது. வெளிச்ச ஊசிகளில் அந்தத் தூள் மிதந்தது. வெளியே சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்தும் அறைக்குள் காற்று அசையவில்லை.

தூள் மட்டும் அசைந்தது.

முதலில் சத்தியபாமாவுக்கு அது விளங்கவில்லை. எல்லா ஊசியிலும் தூள் ஒரே பக்கமாக, கட்டில் பக்கமாக, மெல்ல இழுபட்டது. நின்றது. பிறகு மெல்ல வெளியே தள்ளுப்பட்டது.

மீண்டும் இழுபட்டது.

நின்றது.

தள்ளுப்பட்டது.

ஒரு மனுசி மூச்சு விடுகிற அளவில்.

நிரோஜனும் அதைக் கண்டுவிட்டான். தண்ணீர் விசிறும் போத்தலைப் பிடித்த கை அந்தரத்தில் நின்றது. கேட்க வேண்டிய கேள்வியை, கேட்டுப் பழகிய குரலிலேயே கேட்டான்.

“இஞ்சை… இந்த அறையிலை என்ன வேலை செய்தவை?”

“விறகு அடுக்கினது,” என்றார் சறோஜினிதேவி பின்னாலிருந்து. “என்னடி சத்தியபாமா? சொல்லன்.”

“ஓம் ஓம்,” என்றாள் சத்தியபாமா. பழக்க தோசம். “விறகுதான்.”

தூள் அப்படியே நின்றது.

இழுத்த மூச்சை விடாமல் பிடித்துக்கொண்டதைப் போல.

அப்போதுதான் சத்தியபாமா அந்த விளக்கைக் கண்டாள். கட்டிலின் தலைமாட்டில் ஒரு குத்துவிளக்கு. அறை முழுக்க வெள்ளை பூத்துக் கிடக்க, விளக்கில் மட்டும் ஒரு துகள் இல்லை. பொன்னாய் மினுங்கியது. தண்டிலிருந்து புளித்தண்ணீர் ஒரு சொட்டு இறங்கித் தூளில் விழுந்தது.

சரக்.

பொச்சு பித்தளையில் உரஞ்சும் சத்தம்.

சரக். சரக்.

பிறகு இருமல். தொண்டையிலிருந்து வருகிற இருமல் அல்ல. அடி வயிற்றிலிருந்து பட்டை பட்டையாகக் கிழிந்து வருவது. அந்த இருமலுக்குத்தான் பதினொரு மாதம் சத்தியபாமா தன் வீட்டு யன்னலைச் சாத்தி வைத்திருந்தாள். இப்போது அது அவளுடைய பிடரியில் கேட்டது. சூடாக. புளி மணத்தோடு.

“இடிச்சவள்!” என்று கத்தினாள் சத்தியபாமா. “சீற்றை இடிச்சவள்! நான் மதிலாலை பார்த்தனான். இருபது வருசமாய்ப் பார்த்தனான். நானும் அந்தத் தூளிலை ஒரு ரின் வாங்கி மினுக்கினனான். கசம் இல்லை எண்டு டொக்டர் சொன்னதும் தெரியும். நான்தான் ஊரெல்லாம் சொன்னனான், பிள்ளை, நான்தான்!”

கம்சாயினி திரும்பவில்லை. “தெரியும் அன்ரி,” என்றாள். “உங்கடை வாயாலை வரட்டும் எண்டு இருந்தனான்.”

“பொய்! இவள் பொய் சொல்…” என்று சறோஜினிதேவி வாயைத் திறந்தார்.

அறைக்குள் நின்ற தூள் அவ்வளவும் ஒரே இழுப்பில் வாசலுக்கு வந்தது. கம்சாயினியின் ஒரு மயிர் கலையவில்லை. சத்தியபாமாவின் சேலை பறக்கவில்லை. நேரே சறோஜினிதேவியின் திறந்த வாய்க்குள் போனது.

அவர் நிலத்தில் இருந்துவிட்டார். இருமினார். கிழிந்த, பட்டை பட்டையான, அதே இருமல்.

நிரோஜன் துண்டு வெட்டவில்லை. ஆறு பைகளையும் பெட்டிக்குள் தள்ளிக்கொண்டு, உறையைக் கழற்றாமலே மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனான். சந்தியில் நின்றவர்கள் ஏதோ வியாதி வந்துவிட்டதென்று கடையைச் சாத்தினார்களாம்.

மூன்று கிழமையில் ஆய்வுகூட அறிக்கை வந்தது. கம்சாயினி அதை விறாந்தையிலிருந்து வாசித்தாள். இந்தமுறை சத்தியபாமா மதிலுக்கு மேலால் வெளிப்படையாகவே தலையை நீட்டினாள். முதல் ஆறு வரியும் ஒன்றுதான்: கூரைச் சீற், அஸ்பெஸ்ரஸ் உண்டு.

ஏழாவது வரியும் இருந்தது.

‘பை 7. பின்னறை. இடித்து அரித்த நுண்தூள். அஸ்பெஸ்ரஸ் உண்டு.’

நிரோஜன் தொலைபேசியில் கூப்பிட்டான். “தங்கச்சி, ஏழாவது பையை நான் எடுக்கேல்லை. சத்தியமாய் எடுக்கேல்லை. இலக்கத்தை எழுதினதும் நானில்லை. ஆனால் பெட்டியிலை இருந்திருக்கு.”

“தெரியும் அண்ணை. எடுத்தவ ஆரெண்டும் தெரியும்.”

கம்சாயினி அறிக்கையையும், தகப்பனின் பெட்டியடியில் கிடந்த, கசம் இல்லை என்று எழுதியிருந்த தாயின் பழைய கிளினிக் கொப்பியையும் பிரதி எடுத்துக் கூட்டுறவுச் சங்கக்கடைப் பலகையில் ஒட்டினாள். கீழே தன் கையால் எழுதினாள்: ‘கசம் என்று சொன்ன ஆட்கள் வந்து வாசியுங்கோ.’ மழை வந்து கரைத்தது. திரும்ப ஒட்டினாள். ஐந்தாந் திருவிழாவுக்கு விளக்குத் தர ஏலாது என்றாள். கோயில்காரர் முணுமுணுத்தார்கள். “என்ரை அம்மாவின்ரை சுவாசப்பையாலை மினுக்கின விளக்கு. சாமிக்கு வேணுமெண்டால் சாமி வந்து கேக்கட்டும்,” என்றாள். அதற்குப் பிறகு முணுமுணுப்பதையும் விட்டுவிட்டார்கள்.

ஆரூரனின் தாய் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு திரும்ப வந்தார். கம்சாயினி படலை வரை வந்து, பழத்தை வாங்கி, ஒழுங்கையில் நின்ற மாட்டுக்குக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். ஆவணியில் அவளுக்குக் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை பிரதாபன், குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கு வள்ளம் ஓட்டுகிறவன். தாயைப் பற்றி ஒரு கேள்வியும் கேளாத ஒரே ஆள். இப்போது நயினாதீவில்தான் இருக்கிறார்கள். சரவணை வீட்டுக் கூரையை முறைப்படி நனைத்து இறக்கிக் கொண்டுபோய்விட்டார்கள். ஓடு போட்டாயிற்று.

சறோஜினிதேவி வவுனியாவில் பெறாமகன் முறையான ஒருவன் வீட்டோடு. இருமல் நிற்கவில்லையாம். சளியை மூன்று தரம் சோதித்தும் ஒன்றுமில்லையாம். என்றாலும் பிள்ளைகள் இருக்கிற வீடல்லவா? அவவுக்குத் தனிக் கோப்பை, தனித் தட்டு என்று கேள்வி.

சத்தியபாமாவின் குசினிக்கும் அதே சீற்தான். பலகையில் அறிக்கை ஒட்டிய அன்றே தூள் கிடந்த அந்தப் பழைய தகர ரின்னைக் கொண்டுபோய்க் கடலில் எறிந்தாள். அடுத்த வெள்ளி விடியச் சாமியறையில் அவளுடைய விளக்கு பொன்னாய் மினுங்கியது. அவள் அதைத் தொட்டு மாதக்கணக்கு. விளக்கடியில் ஒரு சின்னப் பை, நுனி முடிந்தபடி. உள்ளே மாவாக அரித்த வெள்ளைத் தூள். மேலே இலக்கம்: 8.

நிரோஜனைக் கூப்பிட வேண்டியதுதான். ஆனால் இந்த அறையில் என்ன வேலை செய்தவை என்று அவன் கேட்பான். தான் கதை சொன்ன வீடுகளுக்கெல்லாம் போய்த் திருத்திச் சொல்லவும் வேண்டியதுதான். ஆனால் எத்தனை வீடு!

போன மாதம் வீட்டைப் பூட்டிக்கொண்டு கொக்குவிலுக்கு, மகள் தர்சனா வீட்டுக்குப் போய்விட்டாள். கல் வீடு, ஓட்டுக் கூரை, சீற் என்ற பேச்சுக்கே இடமில்லை. விளக்கைச் சரவணையிலேயே விட்டுவிட்டுத்தான் போனாள்.

முதல் வெள்ளிக்கிழமை காலை, தேத்தண்ணீர்க் கோப்பையோடு தர்சனா வந்தாள்.

“அம்மா, யன்னலடியிலை இருந்த பை உங்கடையோ? ஒன்பது எண்டு எழுதியிருக்கு.”

பதில் சொல்ல வாயைத் திறந்த சத்தியபாமாவுக்கு இருமல் வந்தது.