ஆளில்லாத நடை

நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது மதியம் இரண்டு மணி. வெயில் மண்டையைப் பிளந்தது. பயப்படுவதற்குத் தோதான இருட்டோ, மழையோ, நாயின் ஊளையோ எதுவும் இல்லை. பட்டப்பகலில் நடந்ததைத்தான் சொல்கிறேன்.

ஒரு காலத்தில் அது அரசு ஆஸ்பத்திரி. மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. இப்போது தீவிரவாதத் தடுப்புப் பிரிவு அதைப் புதுக் கருவிகளைச் சோதித்துப் பார்க்கும் இடமாக வைத்திருக்கிறது. கேட்டில் ஒரு காவலாளி இருந்தார். பழைய ராணுவக்காரர், பேச ஆள் கிடைக்காமல் காய்ந்துபோனவர். என் பையைத் திறந்து பார்த்தார், சாவியை நீட்டினார், பிறகு எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"கூட ஒருத்தர் வருவாரே, செருப்பைத் தேச்சுக்கிட்டு? அவர் வரலையா?"

"லீவு" என்றேன்.

இறந்துவிட்டான் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் எப்படி என்று கேட்பார்.

கதவைத் திறந்ததும் பழைய ஃபினாயில் வாசனை அடித்தது. அத்தனை வருஷம் பூட்டிக் கிடந்தும் அந்த வாசனை மட்டும் போகவில்லை. நீளமான வராந்தா, இரண்டு பக்கமும் பூட்டிய வார்டுகள். கூரையில் பன்னிரண்டு கேமராக்கள் வைத்திருந்தோம். வாசலில் இருப்பது ஒன்று, கடைசியில் இருப்பது பன்னிரண்டு. அந்தக் கடைசியில், முன்பு நர்ஸுகள் உட்கார்ந்திருந்த அறைதான் எங்கள் கண்ட்ரோல் ரூம்.

எங்கள் கம்பெனி செய்வது முகத்தைப் பார்க்கும் கருவி அல்ல, நடையைப் பார்க்கும் கருவி. தாடி வளர்க்கலாம், தொப்பி போடலாம், முகத்தைத் துணியால் மூடலாம். ஆனால் பாதத்தை எப்படி ஊன்றுகிறோம், தோளை எந்தப் பக்கம் சாய்க்கிறோம் என்பது யாருக்கும் தெரியாது. தெரியாததை மறைக்கவும் முடியாது. கேமராவில் ஆள் வந்தால் சிஸ்டம் அவன் உடம்பின் மேல் பச்சைக் கோடுகளால் ஒரு குச்சி மனிதனை வரையும். தேடப்படுபவர்களின் லிஸ்டில் யாருடைய நடையாவது அதனோடு பொருந்தினால் கோடுகள் சிவப்பாகும், மணி அடிக்கும். குண்டோடு வருகிறவனை ரயில் நிலையத்தின் வாசலிலேயே பிடித்துவிடலாம். நல்ல நோக்கம்தான், இன்றைக்கும் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

குறை என்னிடம்தான்.

இதைச் சோதிக்க ஓர் ஆள் வேண்டும். நிஜத் தீவிரவாதியை அழைத்து "கொஞ்சம் நடந்து காட்டுங்க" என்று கேட்க முடியாது. அதனால் எங்களில் ஒருவரையே லிஸ்டில் ஏற்றுவோம். ஒருவர் நடப்பார், இன்னொருவர் திரையைப் பார்ப்பார். எங்களுக்காக நடந்தவன் என் மச்சினன், என் மனைவியின் ஒரே தம்பி. வேலை இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தவனை நான்தான் சேர்த்துவிட்டேன். சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்ததில் அவனுக்கு இடது முழங்கால் கோணிவிட்டது. அந்தக் காலை வெளிப்பக்கமாக வீசி, ரப்பர் செருப்பைத் தரையில் ஓர் இழுப்பு இழுத்து நடப்பான். ஆபீசில் அவனுக்கு வைத்த பெயர் வாத்து. அதில் அவனுக்கு வருத்தம் கிடையாது. நடப்பதற்குச் சம்பளம் வாங்கும் ஒரே வாத்து நான்தான் என்று பெருமையடிப்பான். சாயங்காலம் நேரே எங்கள் வீட்டுக்கு வருவான். படியில் அந்தச் செருப்புச் சத்தம் கேட்டதும், அடுப்படியிலிருந்து திரும்பாமலே என் மனைவி "சாப்பிட்டியாடா?" என்பாள்.

இதே வராந்தாவில் அவன் இருநூறு தடவையாவது நடந்திருப்பான். லிஸ்டில் அவனுக்கு 'சோதனை ஒன்று' என்று பெயர் கொடுத்து, பக்கத்தில் 'மிக ஆபத்தானவர், உடனே நிறுத்தவும்' என்று சேர்த்தது நான்.

சோதனை முடிந்ததும் அந்தப் பதிவை நீக்க வேண்டும். நீக்கியாயிற்று என்று ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் படிவம் இல்லாமல் அதிகாரிகள் சிஸ்டம் இருக்கும் பெட்டியைத் தொட மாட்டார்கள் என்பதால், எங்கள் ஆபீசில் கையெழுத்து முதலில் நடக்கும், நீக்குவது சாவகாசமாக நடக்கும். ஆறு மாதத்துக்கு முன்பு முதல் ரயில் நிலையத்துக்குப் பெட்டியைக் கொடுத்த அன்றும் அப்படித்தான் செய்தேன். அப்புறம் மறந்தே போனேன்.

ஒன்பதாம் நாள் மச்சினன் அந்த நிலையத்துக்குள் நுழைந்தான். காதில் பாட்டு. ரயில் கிளம்பும் நேரம் என்பதால் ஓடினான். நில் என்று கத்தியது அவனுக்குக் கேட்கவில்லை. படிக்கட்டில் நான்கு போலீஸ்காரர்கள் பாய்ந்து பிடித்ததில் தலைகுப்புற விழுந்தான். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, போய்விட்டான்.

அவன் விழுந்த அன்றே, வீட்டிலிருந்தபடி அந்தப் பதிவை நீக்கினேன். நீக்கியதன் தடயத்தையும் நீக்கினேன். விசாரணையில் 'சந்தேகத்துக்கு இடமான நடத்தை' என்று எழுதிக்கொண்டார்கள். என் மனைவி மட்டும் விடாமல் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவனைப் போய் எதற்காக நிறுத்தினார்கள்? ஒவ்வொரு தடவையும் தெரியலையே என்பேன். காரணம் தெரிந்தால் அவள் என்னோடு ஒரு நாள்கூட இருக்க மாட்டாள்.

அந்த மதியம் ஆஸ்பத்திரியில் என் வேலை சுலபமானது. புதுப் பெட்டியை ஒரு தடவை ஓட்டிப் பார்த்து, லிஸ்ட் காலி என்று உறுதிசெய்து, அதே படிவத்தில் கையெழுத்திட்டு, நான்கு மணிக்கு வரும் பெண் அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். அடுத்த மாதம் இதே மாதிரிப் பெட்டிகள் நாற்பது நிலையங்களுக்குப் போகப் போகின்றன. காவலாளியைக் கூப்பிட்டு நடக்கச் சொன்னேன். அணிவகுப்பு மாதிரி கை வீசி நடந்துவிட்டு, "நான் நல்லவன்தானே?" என்று கேட்டார். பச்சையாகத்தான் இருந்தார். அவர் கேட்டுக்குத் திரும்பியதும் லிஸ்டைத் திறந்தேன். ஒரு பெயரும் இல்லை.

படிவத்தை எடுத்தேன். பேனா மூடியைக் கழற்றினேன்.

மணி அடித்தது.

முதல் கேமராவில் வராந்தா காலியாக இருந்தது. ஜன்னல் வெயில் தரையில் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. அந்தக் காலித் தரையின் மேல் ஒரு குச்சி மனிதன் நின்றான். கோடுகள் மட்டும். உள்ளே உடம்பு இல்லை.

சிவப்பு.

இஞ்சினியர் புத்தி கடைசிவரை காரணம் தேடும். நிழல், திரைச்சீலை, பறவை என்று வரிசையாக நினைத்துக்கொண்டு வராந்தாவின் வாசல்வரை நடந்தேன். திரைச்சீலையே அங்கே கிடையாது. ஜன்னல்கள் பூட்டியிருந்தன. கேட்டில் காவலாளி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்து உட்கார்ந்தேன். எழுந்து தண்ணீர் குடித்தேன். மறுபடி உட்கார்ந்தேன். இருப்புக் கொள்ளவில்லை. சீக்கிரம் முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று பேனாவை எடுத்தேன்.

மணி.

இந்தத் தடவை அது நடந்தது. இரண்டாவது கேமரா, மூன்றாவது கேமரா. இடது முழங்கால் வெளிப்பக்கமாக வீசியது. பாதம் தரையில் இழுபட்டது. திரையின் ஓரத்தில் பொருத்தம் தொண்ணூற்றெட்டு என்று வந்தது. அதன் கீழே பெயர்.

சோதனை ஒன்று.

காலியான லிஸ்டிலிருந்து ஒரு பெயர் எப்படி வரும்? பேனா கையிலிருந்து நழுவி மேஜையில் விழுந்தது. குச்சி மனிதன் உடனே நின்றுவிட்டான். மூன்றாவது கேமராவின் கீழே, ஒரு பக்கம் தோள் சாய, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டு நிற்பவன் மாதிரி நின்றான். சோதனையின்போது அவன் அப்படித்தான் நிற்பான். "நடக்கட்டுமா மாமா?" என்று கேமராவைப் பார்த்துக் கேட்பான்.

சிஸ்டத்தை அணைத்து மறுபடி போட்டேன். திரைகள் உயிர்பெற நான்கு நிமிஷம் ஆகும். அந்த நான்கு நிமிஷம் அறையில் மின்விசிறிகூட ஓடவில்லை.

வெளியே ஓர் இழுப்புச் சத்தம் கேட்டது.

நின்றது.

இன்னொரு இழுப்பு.

திரைகள் வந்தபோது அது ஆறாவது கேமராவில் நின்றுகொண்டிருந்தது. அப்போது என் போன் அடித்தது. மனைவி. எடுக்காமல் விட்டிருக்கலாம். ஆனால் ஒரு மனிதக் குரல் கேட்டால் போதும் என்று இருந்தது எனக்கு. தபாலில் கடிதம் வந்திருக்கிறது என்றாள். தம்பியின் கேஸை முடித்துவிட்டார்களாம், இனிமேல் விசாரணை இல்லையாம். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ரெண்டு பக்கம் எழுதியிருக்காங்க. எதுக்கு நிறுத்தினாங்கன்னு ஒரு வரி இல்ல. உங்களுக்கு அங்க எல்லாரையும் தெரியும்ல? நீங்க கேட்டா சொல்ல மாட்டாங்களா?"

சொல்லிவிடு என்று உள்ளே ஏதோ தள்ளியது. "கேட்டுப் பாக்குறேன்" என்றேன்.

மணி அடித்தது. ஏழாவது கேமரா. எட்டு. ஒன்பது.

போனில் அவள் பேச்சை நிறுத்தினாள்.

"ஏங்க, பக்கத்துல யாரு நடக்குறது?"

"யாருமில்லையே."

"செருப்புச் சத்தம் கேக்குது." அவள் குரல் தாழ்ந்தது. "அவன் மாதிரியே நடக்குறாங்க."

லைன் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்தேன். எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் வந்தது. அவன்மேல் கோபம். என்னடா வேண்டும் உனக்கு என்று கத்த வேண்டும்போல இருந்தது. பேனாவை எடுத்து, 'சோதனைப் பதிவுகள் அனைத்தும் நீக்கப்பட்டன' என்ற வரிக்குக் கீழே காகிதம் கிழியும் அளவுக்கு அழுத்திக் கையெழுத்துப் போட்டேன்.

பத்து. பதினொன்று.

பன்னிரண்டு.

பன்னிரண்டாவது கேமரா என் கதவுக்கு நேர் மேலே இருக்கிறது. அதில் குச்சி மனிதனின் தலை மட்டும், மேலிருந்து பார்க்கிற கோணத்தில் தெரிந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு திரையிலிருந்து போய்விட்டது. மணியும் நின்றது.

அறைக்குள் கேமரா கிடையாது.

ஃபினாயில் வாசனை சட்டென்று விலகி, ஈர ரப்பரின் வாசனை வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. இடது முழங்காலில் மட்டும் யாரோ கை வைத்ததுபோல ஒரு குளிர்ச்சி. அது அழுத்தவில்லை, வலிக்கவும் இல்லை. ஆனால் போகவும் இல்லை.

வெளியே கார் சத்தம் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது. அதிகாரி வந்தார். படிவத்தை வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டார். கடைசியாக ஒரு தடவை நடந்து காட்டச் சொல்லித் திரையின் முன் உட்கார்ந்தார். மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை. வாசல்வரை போய்த் திரும்பி நடந்தேன். மூன்றாவது அடியில் மணி அடித்தது.

அறைக்கு ஓடினேன். அவர் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"லிஸ்ட் காலின்னு எழுதியிருக்கீங்க. உங்களையே புடிக்குதே?"

அவரே லிஸ்டைத் திறந்தார். காலிதான். சின்னக் கோளாறு, நாளைக்குள் சரிசெய்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். நான் கேமராப் பதிவை ஓட்டிப் பார்த்தேன். என் சட்டை, என் ஷூ, என் முகம். இடது முழங்கால் வெளிப்பக்கமாக வீசுகிறது. பாதம் இழுபடுகிறது. பொருத்தம் நூறு.

எனக்கு மரத்திலிருந்து விழுந்த கால் கிடையாது. பஸ் நிறுத்தம்வரை வேண்டுமென்றே நேராக நடக்கப் பார்த்தேன். கால் கேட்டால்தானே. வழக்கமாக ரயிலில் போகிறவன், அன்றைக்கு ரயில் நிலையத்தின் பக்கமே போகவில்லை.

வீட்டுக்கு வந்து, கீழேயே ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். வெறுங்காலோடுதான் படியேறினேன். அப்படியும் ஒவ்வொரு படியிலும் ரப்பர் இழுபடும் சத்தம் கேட்டது.

அடுப்படியில் அவள் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். கரண்டி பாத்திரத்தில் அப்படியே நின்றது. ஆறு மாதமாக அவள் சொல்லாத வார்த்தை வாயில் பாதி வந்து நின்றது. மெதுவாகத் திரும்பினாள். என்னைப் பார்த்தாள், பிறகு குனிந்து என் காலைப் பார்த்தாள்.

"அவனை எதுக்குங்க நிறுத்தினாங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். லிஸ்டில் ஏற்றியது, எழுதியது, மறந்தது, அழித்தது, இன்றைக்கு மறுபடியும் கையெழுத்துப் போட்டது. சொல்லி முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தேன். அவள் கத்துவாள், அடிப்பாள், வெளியே போ என்பாள் என்று காத்திருந்தேன்.

அவள் அடுப்பை அணைத்தாள். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. என் இடது காலுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, முழங்காலில் கை வைத்து, ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

"சாப்பிட்டியாடா?"