ஒண்டும் செய்யாது

தொண்ணூற்றொன்பது ஜனவரியில் ரொறன்ரோத் தெருக்களில் அள்ளிய பனியில் பெரும்பங்கு ஸ்காபரோவில் நான் வேலை செய்த யார்டுக்குத்தான் வந்தது. லொறி லொறியாகக் கொட்டியதில் ஐந்து மாடி உயர மலையாகிவிட்டது. அது சரியுமா, அடியில் புல்டோசர் ஓடலாமா என்று பார்த்துச் சொல்வது என் வேலை.

எனக்கு முன் அதைப் பார்த்தவர் சீமோன் அண்ணை, ஊரில் ஆனையிறவு உப்பளத்தில் வேலை செய்தவர். உப்புக் குவியலின் மேல்தோல் இறுகினால் குவியல் அசையாது. பனியையும் அந்த மனுசன் அப்படியே நினைத்தார். குதிகாலால் மிதித்துப் பார்த்துவிட்டு, "ஒண்டும் செய்யாது, விடு" என்பார். இறுகிய தோலுக்கு அடியில் சீனி போல உதிரிப் பனி கிடந்ததை அவர் தோண்டிப் பார்க்கவில்லை. மலை சரிந்து அவரை மூடியது. உடலை எடுத்து அடக்கம் செய்தோம். அவருடைய வோக்கி-டோக்கி மட்டும் கிடைக்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு மத்தியானம். வானம் சாம்பலாகக் கிடந்தது. நான் மலையின் ஓரமாக ஏறி, கை ஆழத்துக்குக் குழி தோண்டினேன். அடிப்பனி விரலிடுக்கால் ஒழுகியது. ஈரச் சாக்கு மணம் வந்தது.

உள்ளே எங்கோ 'தொம்' என்றது.

காலடிப் பனி ஒரு விரற்கடை தாழ்ந்தது.

கீழே என் தம்பி தினேஸ் புல்டோசரில் காத்திருந்தான். முதலாளி கனகசிங்கம் வோக்கியில் கத்தினார்.

"குணவதி, லொறியெல்லாம் லைனிலை நிக்குது. ஓமோ, இல்லையோ?"

நான் பொத்தானை அழுத்துமுன் பதில் போய்விட்டது.

"ஒண்டும் செய்யாது, விடு."

அந்தக் குரல் வோக்கியில் கேட்டது.

என் காலடியிலும் கேட்டது.

புல்டோசர் உறுமிக்கொண்டு நகர்ந்தது. "நில்லடா!" என்று கத்தினேன். வோக்கியில் வெறும் இரைச்சல். பயத்தைவிடக் கோபம் பெரிதாக வந்தது. செத்தும் திருந்தாத மனுசன்! ஓரமாகச் சறுக்கி இறங்கி, ஓடிப்போய்ப் புல்டோசருக்கு முன்னால் கைவிரித்து நின்றேன்.

"விலகக்கா. சீமோன் அண்ணை ஓம் எண்டு சொன்னவரெல்லே..."

சொல்லி முடித்த பிறகுதான் தினேஸின் முகம் வெளிறியது.

"பின்னாலை எடு."

எடுத்தான். நானும் பின்னால் ஓடினேன். மலையின் முகம் முழுதாகக் கழன்று இறங்கியது. என் முழங்காலைத் தொட்டுத்தான் நின்றது.

வோக்கி உயிர்பெற்றது. "எப்ப திறப்பாய்?" என்றார் கனகசிங்கம்.

"நான் சொல்லுமட்டும் ஒருத்தரும் உள்ளை வரேலாது அங்கிள். வேணுமெண்டால் என்னை வேலையாலை நிப்பாட்டுங்கோ."

பிறகு மலையைப் பார்த்துச் சொன்னேன்: "உங்களுக்கும்தான் அண்ணை."

இப்போது ஜூன். முப்பது பாகை வெயில். மலை கரைந்து, ஓர் அறையளவு கறுத்த பனிதான் மிச்சம். அதன் பக்கவாட்டில் முகத்தளவு ஓட்டை ஒன்று. விளிம்பு கண்ணாடி போல உருகி உறைந்திருக்கிறது. உள்ளே புதைந்த ஆளின் மூச்சுப் பட்டால்தான் பனி அப்படி ஆகும். கையை வைத்தால் சூடு தெரிகிறது.

ஒவ்வொரு பின்னேரமும் மண் போட்டு அடைக்கிறேன்.

காலையில் திறந்திருக்கிறது.

அடைக்கிறேன்.