தழும்புப் பட்டை

அம்மியில் அரைத்த பட்டை விழுதை விரலால் வழித்துப் பார்த்தபோது, விரல் போன தடம் தானாகவே மூடிக்கொண்டது.

தண்ணீர் கூடிப்போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் விழுது தளர்ந்து ஓடவில்லை, கெட்டியாகத்தான் இருந்தது. மறுபடியும் நகத்தால் ஒரு கோடு கிழித்தாள். கோட்டின் இரண்டு கரைகளும் மெல்ல நெருங்கி, ஒன்றையொன்று தொட்டு, தொட்ட இடமே தெரியாமல் ஒன்றாகிப்போயின. குழவியின் மேல் தனித்தனியாக ஒட்டியிருந்த துணுக்குகளும் சத்தமில்லாமல் நகர்ந்து ஓரிடத்தில் சேர்ந்துகொண்டிருந்தன. அறையில் பச்சைப் பட்டையின் துவர்ப்பு வாசனை. அதற்கு அடியில், ஆறிவரும் புண்ணின் கட்டை அவிழ்த்தால் வருமே, அந்த வாசனை.

பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வைத்தியம் பார்க்கும் அண்ணன் மேல் கோபம்.

புண்ணாற்றி மரத்தில் பட்டை எடுக்க அந்தக் குடும்பத்தில் ஒரு முறை இருந்தது. வெயில் படும் பக்கத்தில் ஒரு கை அகலத்துக்கு மட்டும் உரிக்க வேண்டும். உரித்த இடத்தில் ஈரக் களிமண்ணை அப்பிவிட வேண்டும். பிறகு மரம் தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும், அங்கே புதிதாக ஒரு பட்டை தடித்து வளரும். அந்தத் தழும்பில் மட்டும் கத்தி படக் கூடாது. ஏன் கூடாது என்று யாரும் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை. எரிகிற அடுப்பில் கை வைக்கக் கூடாது என்பதற்கு யார் காரணம் கேட்கிறார்கள்?

அண்ணன் கத்தியை வைத்தான். தழும்புப் பட்டை மெத்தென்று உரிந்துவந்தது, அரைக்கவும் சுலபம். அதைப் பற்றுப் போட்டால், மாதக்கணக்கில் சீழ் கோத்து நின்ற புண்கூடப் பொழுது விடிவதற்குள் மூடியது. வைத்தியருக்குக் கைராசி என்று ஊர் பேசியது. வைத்தியசாலை வாசலில் செருப்பு விட இடமில்லை. உரித்த இடத்தில் மறுபடி வளர்ந்ததை மறுபடி உரித்தான், அதன் மேல் வளர்ந்ததையும் உரித்தான். களிமண் அப்புவதைக்கூட விட்டுவிட்டான். வேண்டாம் என்று அவள் சொன்னபோது, நோயாளிகள் முன்னாலேயே சிரித்தான்.

"மரம் உங்கிட்ட வந்து வலிக்குதுன்னு அழுதுச்சா?"

வாசலில் இருந்தவர்களும் சிரித்தார்கள். புருஷன் போன பிறகு மகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள், அண்ணன் வீட்டுச் சோற்றைத் தின்பவள், வாயைத் திறந்தால் எங்கே போய் நிற்பது? பல்லைக் கடித்துக்கொண்டு அம்மிக்கே திரும்பினாள். ஒன்றே ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தாள். மகளுக்குக் காய்ச்சல் வந்து விட்டபின் வாயெல்லாம் புண். நாக்கு, ஈறு, உதட்டின் உள்பக்கம் எங்கும் வெள்ளை வெள்ளையாக. தண்ணீர் பட்டாலே துடித்தது குழந்தை. நல்லெண்ணெயும் தேனும் தடவி, பாலை ஆற ஆறச் சங்கில் புகட்டி, அவளே பார்த்துக்கொண்டாள்.

"அவ வாயில மட்டும் இத வைக்காதண்ணா. தானா ஆறட்டும்" என்று எச்சரித்திருந்தாள். உன் பிள்ளை, உன் இஷ்டம் என்று அவன் தோளைக் குலுக்கினான்.

இப்போது அம்மியைக் கழுவினாள். கழுவிய தண்ணீர் சாக்கடைக் குழியில் இறங்காமல் நின்றது. குச்சியால் குத்திப் பார்த்தாள். குழியின் வாயில் மெல்லிய ஏடு படர்ந்திருந்தது. குச்சியை உருவியதும் ஓட்டை மூடிக்கொண்டது.

மதியம் தையல்காரி வந்தாள். போன வாரம் ஊசி ஏறிய விரலுக்குப் பற்றுப் போட்டுக்கொண்டு போனவள். கூட்டம் கலையும்வரை காத்திருந்து, முந்தானைக்குள் இருந்த கையை வெளியே எடுத்தாள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நுனிவரை ஒன்றாக இருந்தன. நடுவில் தையலோ வடுவோ இல்லை. பிறக்கும்போதே அப்படிப் பிறந்த கை மாதிரி, வழவழவென்று.

கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை, வந்த துணியெல்லாம் அப்படியே கிடக்கிறது, இதைப் பிரித்துவிடுங்கள் என்று கெஞ்சினாள். அண்ணன் கையைப் புரட்டிப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு கணம் ஏதோ ஓடியது. அடுத்த கணமே, கட்டைச் சேர்த்துக் கட்டினால் இப்படித்தான் ஆகும், உன் தப்புதான், கீறிவிட்டுப் பற்றுப் போட்டால் சரியாகிவிடும் என்றான்.

கீறிவிட்டு, அதே பற்று. கேட்டுக்கொண்டிருந்தவளுக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

"ஒட்டிக்கிட்டதுக்கு, ஒட்ட வச்சதையே போடுவியா?"

"அரைக்கிற வேலைய மட்டும் பாரு. பட்டை தீந்துபோச்சு, போய் எடுத்துட்டு வா."

தையல்காரி அவளைத்தான் பார்த்தாள். ஏதாவது சொல்லேன் என்பது போன்ற பார்வை. கத்தியை எடுத்துக்கொண்டு அவள் கொல்லைப்பக்கம் நடந்தாள். ஒரு முடிவோடுதான் போனாள். தழும்பைத் தொடப்போவதில்லை, மேலே எங்காவது மிச்சமிருக்கும் பழைய பட்டையைத்தான் எடுக்கப்போகிறாள். இவன் யார் கேட்க? என்ன செய்துவிடுவான், வீட்டை விட்டுப் போ என்பான். போகலாம். எங்காவது பாத்திரம் தேய்த்தாவது மகளைக் காப்பாற்றிக்கொள்ளலாம். இத்தனை நாள் வராத தைரியம் வந்ததும் நடையே வேகமானது.

மழை பிடித்துக்கொண்டது. மேகம் கவிந்து, பொழுது சாய்வதற்கு முன்பே கொல்லை இருட்டிக்கிடந்தது. இலைகளின் மேல் மழை விழும் சத்தம், கூரைத் தகரத்தில் விழும் சத்தம், வாய்க்காலில் தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு ஓடும் சத்தம், எல்லாம் சேர்ந்து காதை அடைத்தன. மரத்தின் அடியில் மட்டும் சத்தம் குறைந்திருந்தது. அடிமரத்தில் கையை வைத்தாள். மழையில் நனைந்த மரம் வெதுவெதுவென்று இருந்தது.

பழைய பட்டையைத் தேடிச் சுற்றிவந்தாள். சொரசொரப்பான, வெடிப்பு விட்ட, எறும்பு ஊரும் அந்தப் பட்டை எங்குமே இல்லை. வேரிலிருந்து கிளை பிரியும் இடம்வரை எல்லாம் தழும்பு. வெளிர்நிறத்தில், மழுமழுவென்று, ஒரு வெடிப்புக்கூட இல்லாமல். துணி காயப்போடும் கயிற்றுக்காக அடித்திருந்த ஆணியைக் காணவில்லை. கயிறு நேராக மரத்துக்குள் போயிருந்தது. இழுத்துப் பார்த்தாள். வரவில்லை.

அப்போது தட்டும் சத்தம் கேட்டது.

டொக். டொக் டொக்.

மழைத்துளியாக இருக்கும் என்று நினைத்தாள். கிளியாக இருக்கும் என்று நிமிர்ந்து பார்த்தாள். தலைக்கு மேலே ஒரு பொந்து உண்டு, அதில் கிளி குஞ்சு பொரித்திருந்தது. காலையில்கூடக் குஞ்சுகள் கத்தின, மகள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொந்து இல்லை.

அது இருந்த இடத்தில் பட்டை லேசாகப் புடைத்திருந்தது. சத்தம் அதற்குள்ளிருந்துதான் வந்தது. அலகால் கொத்தும் சத்தம். சுரண்டும் சத்தம். அடைபட்ட குரலில் ஒரு கீச்சு. வேரின் மேல் ஏறி நின்று கத்தியால் கிழித்தாள். கிழிசலுக்குள் ஒரு பச்சை இறகு தெரிந்தது. அதற்குள் கிழிசல் மூடியது. மறுபடி கிழித்தாள். மறுபடி மூடியது. உள்ளே தட்டுவது மெலிந்தது. நின்றது.

அவள் கத்தியைப் பிடித்தபடி மழையில் நின்றாள். புண் எது, பொந்து எது என்று இதற்குத் தெரியவில்லை. திறந்திருப்பது எதுவானாலும் மூடிவிடுகிறது. எதுவானாலும்.

வீட்டுக்குள்ளிருந்து மகள் அழும் குரல் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வாய்ப்புண் வந்த நாளிலிருந்து ஓயாத அழுகை. ஓடினாள்.

அண்ணன் பின்வாசலில் கை கழுவிக்கொண்டிருந்தான். எதற்கு ஓடிவருகிறாய் என்று கேட்டான். அவள் மகள் எங்கே என்றாள். அவன் சிரித்தான், உதவி செய்துவிட்ட மனிதனின் சிரிப்பு.

"உயிர் போற மாதிரி கத்துனா, வந்தவங்கல்லாம் என்னன்னு கேக்குறாங்க. கிண்ணத்த வழிச்சுக் கொஞ்சம் தடவிவிட்டேன். இப்ப பாரு, சத்தமே இல்ல."

அவனைத் தள்ளிக்கொண்டு அறைக்குள் போனாள். ஜன்னல் சாத்தியிருந்தது. கட்டிலில் மகள் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். தோள்கள் வேகமாக ஏறி இறங்கின. மூக்கால் மூச்சு வாங்கும் சத்தம். சீழ்க்கை மாதிரி மெலிந்த சத்தம்.

"கண்ணு, அம்மாடா. இங்க பாரு."

மகள் திரும்பினாள்.

கண்கள் இருந்தன. கண்ணீர் ஓடியது. மூக்கு இருந்தது. மூக்குக்குக் கீழே தாடைவரை ஒன்றுமில்லை. வழவழப்பான தோல். அந்தத் தோல் உள்ளிருந்து அசைந்தது. நாக்கு தேடியது. ஓரிடத்தில் முட்டியது, இன்னோரிடத்தில் முட்டியது. அம்மா என்று கூப்பிடும்போது தாடை எப்படி அசையுமோ அப்படி அசைந்தது.

மூக்கின் துவாரங்கள் சிறுத்துக்கொண்டிருந்தன.

ஒன்று மூடியது.

யோசிக்க நேரமில்லை. மகளை மடியில் சாய்த்து, வாய் இருந்த இடத்தைக் கத்தி நுனியால் கீறினாள். ரத்தமும் காற்றும் ஒன்றாக வந்தன. மகள் மூச்சை இழுத்தாள். கீறலின் கரைகள் நெருங்கின. இரண்டு விரல்களை உள்ளே விட்டு விரித்துப் பிடித்தாள். மகள் மறுபடி மூச்சு இழுத்தாள். விரல்களுக்கு நடுவே காற்று போய்வந்தது. சூடான காற்று.

மூக்கு முழுவதும் மூடிவிட்டது.

"விடமாட்டேன். அம்மா புடிச்சிருக்கேன். நீ மூச்சு விடு."

காலையிலிருந்து பட்டை அரைத்த விரல்கள். மழையிலும் அந்த வழவழப்பு போகவில்லை. எடுத்தால் மூடிவிடும். எடுக்காமல் இருந்தாள். விரல்களைச் சுற்றி இறுகியது. முதலில் நமைச்சல். பிறகு சூடு. பிறகு தன் தோல் எங்கே முடிகிறது, மகளின் தோல் எங்கே தொடங்குகிறது என்பது தெரியாமல் போனது. விரல்களை விரிக்கப் பார்த்தாள். அசையவில்லை. நடுவே காற்று வரும் வழி ஊசித்துளையாகிக்கொண்டிருந்தது. மகளின் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

வெளியே ஆட்கள் பேசும் குரல்கள், நாற்காலி இழுபடும் சத்தம். கதவுக்கு அப்பாலிருந்து அண்ணன் குரல் கொடுத்தான்.

"உள்ள என்ன கொஞ்சிக்கிட்டு இருக்க? ஆளுங்க காத்திருக்காங்க. சீக்கிரம் வந்து அரைச்சுக் குடு."

வாய் நிறைய வசவு வந்தது அவளுக்கு. இத்தனை வருஷம் விழுங்கியதெல்லாம் ஒரே மூச்சில் வந்தது. கத்த வாயெடுத்தவளின் கன்னத்தை, பயந்துபோன மகள் இரண்டு கைகளாலும் பற்றி, தன் ஈரமான முகத்தோடு முகமாக அழுத்திக்கொண்டாள். இழுத்துப் பார்த்தாள். தன் உதடு மகளின் தோலை விட்டுப் பிரியவில்லை.