நனையாத மணல்

கடலோரத்தில் கார்த்தேஜ்காரர்கள் இன்னும் மண்சுவர் எழுப்பிக்கொண்டிருந்த காலத்திலேயே பாலைவனத்துக் கராமா ஊருக்கு ஒட்டகம் வந்துவிட்டது. கூடவே பொறாமையும் வந்தது.

அன்று காலை, பாலையைக் கடந்து உப்புக்குப் போகும் கூட்டத்தின் புதுத் தலைவன் செலால்சன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"தனாம்சாக்கா! ராத்திரி தண்ணி ரொப்பி வெச்ச தோல்பை இருபதையும் யாரோ கிழிச்சுட்டாங்க. இன்னிக்குக் கிளம்பலேன்னா தலைமை என் கையைவிட்டுப் போயிடும்!"

வழக்கு என்றால் ஊரே தன் மனைவி தனாம்சாவைத் தேடித்தான் வருகிறது என்பது பர்க்கனுக்கு நெஞ்சில் முள். இன்றாவது அவளை முந்திவிட நினைத்தான்.

செலால்சனின் கூடாரத்தருகே கிழிந்த தோல்பைகள் தொங்கின. கீழே ஒரு கழுதைக் கயிறு கிடந்தது.

"கழுதைக்கார மஸ்கின் வேலைதான்!" என்றான் பர்க்கன். "ஒட்டகம் வந்ததிலேருந்து அவன் கழுதைக்குச் சுமையில்ல. வயிறெரிஞ்சு செஞ்சுட்டான்."

"அவனை ஊரைவிட்டே துரத்தணும்," என்றான் செலால்சனோடு பாலை கடக்கும் அவன் அண்ணன் நப்தாஸ்.

மஸ்கினையும் அழைத்துவந்தார்கள். அவன் சீறினான். "கழுதைக்கு இருக்கிற அறிவுகூட உனக்கில்லையே பர்க்கா! அந்தக் கயிறு காணாமப்போயி மூணு நாளாச்சு."

தனாம்சா தோல்களுக்குக் கீழே கைவிட்டு மணலை அள்ளினாள். மாவு போல உதிர்ந்தது.

"ஒட்டகத்துக்குத் தண்ணி காட்டியாச்சா?"

"நாலு நாளா காட்டலக்கா. அப்பத்தானே கிளம்பும்போது வயிறு முட்டக் குடிக்கும்?" என்றான் செலால்சன்.

அவள் சொன்னபடி பர்க்கன் ஒட்டகங்களைத் தொட்டிக்கு இழுத்துப் போனான். ஒவ்வொன்றும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"ராத்திரி இங்க யார் படுத்தது?"

"நானும் அண்ணனும் மட்டும்."

தனாம்சா எல்லாரையும் உட்காரச் சொன்னாள். "மஸ்கின் வீடு வாய்க்கால் ஓரம். தண்ணியோட அருமை அவனுக்குத் தெரியாது. அவன் கிழிச்சிருந்தா இந்த மணல் சேறாயிருக்கும். நாலு நாள் தாகத்துல இருந்த ஒட்டகம் தொட்டியத் தொடல. கிழிச்சவன் தண்ணிய ஒட்டகத்துக்குக் காட்டிட்டு, வெறுந்தோலைத்தான் கிழிச்சிருக்கான். நடுப்பாலையில நாக்கு வறண்டவனுக்குத்தான் தண்ணியக் கொட்டக் கை வராது. அப்படிப்பட்டவங்க ராத்திரி இங்க ரெண்டே பேர். செலால்சன் தன் பயணத்தைத் தானே கெடுத்துக்குவானா?"

நப்தாஸ் தலை கவிழ்ந்தான். "கயிறையும் நான்தான் எடுத்துப் போட்டேன். மூத்தவன் நான் இருக்கேன். அப்பா இவனைப் போய்த் தலைவனாக்கினாரு. இவன் முன்னால நடக்கிறதைப் பார்க்கும்போதெல்லாம் உள்ளே வேகுது."

அந்த வேக்காடு பர்க்கனுக்குத் தெரியாததல்ல. மனைவியின் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு, போய்த் தோல் தைக்கும் ஊசியும் நரம்பும் எடுத்துவந்து நப்தாஸின் கையில் வைத்தான்.

நப்தாஸ் மஸ்கின் முன் குனிந்தான். "மன்னிப்பெல்லாம் இருக்கட்டும்யா. என் கயிறைக் குடு, கழுதை காத்திருக்கு," என்றான் மஸ்கின்.

நப்தாஸ் தம்பியிடம் திரும்பினான். "தைச்சுத் தர்றேன். என்னை விட்டுட்டுப் போ."

செலால்சன் குனிந்து அந்த உலர்ந்த மணலை ஒரு பிடி அள்ளினான்.

"ஆத்திரத்திலயும் தண்ணியக் கொட்டாதவனை விட்டுட்டு, வேற யாரை நம்பிண்ணே நடுப்பாலைக்குப் போறது? சீக்கிரம் தைங்க."